பணம் சென்றதா, செல்லவில்லையா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், சனிக்கிழமை. விஷுவுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் இரண்டே நாள்கள் இருந்தன. அந்த நாள்களில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குள் நடப்பதே கடினம். கனிவெள்ளரி, கொன்றைப்பூ, புத்தாடை, பட்டாசு என்று ஊரே அங்குத் திரண்டிருக்கும். அன்று பார்த்து, நாடு முழுவதும் யுபிஐ பணப் பரிமாற்றம் பல மணி நேரம் தடுமாறியது. கைப்பேசித் திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கடைக்காரரின் ஒலிப்பெட்டி வாய் திறக்கவில்லை. பணம் சென்றதா, செல்லவில்லையா? இந்த எளிய வினாவுக்கு உடனே விடை கிடைக்காமல் போவது ஏன்? அப்போது நாம் செய்யத்தக்கது எது? இணையதளம் அமைப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதை விளக்க முற்படுகிறேன்.

அக்கடைத்தெருவுக்கு அருகில் உள்ள வலியசாலையில் வசிக்கிறேன். காந்தளூர் மகாதேவர் கோயிலும் அதையொட்டிய அக்கிரகாரமும் கொண்ட பகுதி இது. தலைமுறைகளாக வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இங்குப் பல உள்ளன. சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச்சாலை இவ்விடமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்குச் சாலை என்பது வழியை அன்று, கல்விக்கூடத்தைக் குறிக்கும் என்றும் அவர்கள் கூறுவர். கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கிற்கு நாள்தோறும் இங்கிருந்து பணிக்குச் செல்வோர் உண்டு. நான் செல்வதில்லை. வீட்டின் முன்னறையில் அமர்ந்து, சிறு வணிகர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இணையதளங்களை அமைத்துப் பராமரித்து வருகிறேன். பெரிய நிறுவனங்களில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் தலைவலி அனைத்தும் இங்கே ஒரே தலையில் வந்து அமரும்.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கையில் நிகழ்ந்தது இது. கொலுப் பொம்மைகள் விற்கும் ஒரு வணிகருக்கு நான் இணையதளம் அமைத்துக் கொடுத்திருந்தேன். பாலக்காட்டிலிருந்து ஒரு மூதாட்டி அதில் தசாவதாரப் பொம்மைத் தொகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தினார். திரையில் வட்டம் சுழன்றது. பின்னர் "பரிவர்த்தனை தோல்வியுற்றது, மீண்டும் முயல்க" என்ற அறிவிப்பு வந்தது. அவர் அவ்வாறே மீண்டும் முயன்றார். மறுபடியும் அதே அறிவிப்பு. மூன்றாம் முறையும் முயன்றார். நான்கு நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் மூன்று பெட்டிகள் இறங்கின. வணிகரைத் தொலைபேசியில் அழைத்து, "நான் ஒரு தசாவதாரம்தானே கேட்டேன், முப்பது அவதாரம் வந்து நிக்கறதே!" என்றாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து மூன்று முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. மிகுதித் தொகை திரும்பிச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவர் மளிகைக்கும் மருந்துக்கும் என்ன செய்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை, பிழை என்னுடையது.

பிழை எங்கே நிகழ்ந்தது என்பதைத் தேட ஓர் இரவு ஆயிற்று. சர்வர் என்று நாம் சொல்லும் வழங்கிக் கணினி, தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் நேரத்துடன் குறித்து வைக்கும். அக்குறிப்புகளைப் படித்தபோது, பணம் செலுத்துவதில் தாமதமே இல்லை என்பது தெரிந்தது. மூன்று முறையும் வங்கி சில வினாடிகளில் தன் பணியை முடித்திருந்தது. தாமதம் அதன் பிறகுதான். ஆணையை உறுதிசெய்யும் முன், பெட்டியை அனுப்பும் செலவைக் கணக்கிட, என் நிரல் ஒரு பொருள் விநியோக நிறுவனத்தின் வழங்கியிடம் கட்டண விவரம் கேட்கும். பண்டிகைக் காலம் ஆதலால் அவ்வழங்கி அன்று விடையளிக்க நெடுநேரம் எடுத்தது. முப்பது வினாடிக்குள் விடை வராவிட்டால் பணியைக் கைவிடுமாறு நான் எழுதியிருந்தேன். கைவிட்டதில் தவறில்லை; எந்த வழங்கியும் காலவரையின்றிக் காத்திருக்க இயலாது. கைவிட்டபின் 'தோல்வி' என்று திரையில் எழுதச் செய்ததுதான் தவறு.

விடை வரவில்லை என்பதற்கு 'இல்லை' என்பது பொருளன்று. 'தெரியவில்லை' என்பதே பொருள். ஊருக்குக் கடிதம் எழுதுகிறோம், பதில் வரவில்லை. நம் கடிதம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்து, படித்து, பதில் எழுதி, அப்பதில் வழியில் தவறியிருக்கலாம். இங்கே காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகளுக்கும் இதே நிலைதான்.

யுபிஐ வழியாக நூறு ரூபாய் அனுப்பும்போது, ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் பறந்து செல்வதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் பயணம் செய்வது செய்திகளே. செயலி அதனுடன் இணைந்த வங்கிக்கு அறிவிக்கும். அங்கிருந்து செய்தி, என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் மையத்தை அடையும். மையம், செலுத்துபவரின் வங்கியிடம் பற்று வைக்குமாறு கூறும். பற்று வைத்தாயிற்று என்ற விடை வந்ததும், பெறுபவரின் வங்கியிடம் வரவு வைக்குமாறு கூறும். அங்கிருந்து வரும் ஒப்புதல் பின்னர் இரு பக்கமும் சென்று சேரும். இவ்வளவும் இயல்பான நாளில் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது என்பதே வியப்பு. இவற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் திரையில் தெரிவது அதே வட்டம்தான். பற்று வைக்கும் முன் அறுந்ததா, வைத்தபின் அறுந்ததா என்பதை வட்டம் சொல்லாது.

பொம்மை வணிகரின் தளத்தில் நான் செய்த மாற்றத்தை, வங்கியில் பழகியவர்களுக்குக் காசோலையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு காசோலைத் தாளுக்கு ஓர் எண்தான் உண்டு. அந்த எண்ணுக்கு ஒருமுறை பணம் கொடுக்கப்பட்டுவிட்டால், அதே எண்ணை மறுநாள் யார் கொண்டுவந்து நீட்டினாலும் வங்கி கொடுக்காது. அதுபோல, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் முன்பே அவருடைய ஆணைக்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். அவர் எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் செல்ல வேண்டும். முன்பு என் நிரல், அழுத்திய ஒவ்வொரு முறையும் புதிய காசோலையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேலும், வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலைகளுடன் 'உறுதி செய்யப்படுகிறது' என்ற மூன்றாம் நிலையையும் சேர்த்தேன். அந்நிலையில் மீண்டும் முயலும் பொத்தானே திரையில் இராது. நாள்தோறும் இரவில், தளத்தின் ஆணைப் பட்டியலும் வணிகரின் வரவுப் பட்டியலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். அம்மூதாட்டி அடுத்த ஆண்டும் வந்தார். செட்டியார் பொம்மை வாங்கினார். இம்முறை அழுத்திவிட்டு, வட்டம் நிற்கும் முன்பே வணிகரைத் தொலைபேசியில் அழைத்து, "சுத்திண்டிருக்கு, நான் தொடமாட்டேன்" என்று அறிவித்தார்.

அவருடைய வழியே சிறந்த வழி. திரை விடை சொல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியது வங்கியின் குறுஞ்செய்தியையோ கணக்கு விவரத்தையோதான், பொத்தானை அன்று. யுபிஐ பரிவர்த்தனைக்கு உரிய 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையை அப்படியே படம் பிடித்து வைப்பது நன்று. இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோல்வியுற்ற பரிவர்த்தனைக்கும் இரட்டிப்பாக வெற்றியுற்ற பரிவர்த்தனைக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. பலர் அதனை அறிவதில்லை.

கணக்கில் பற்று வைக்கப்பட்டு, எதிர்ப்பக்கம் வரவு வைக்கப்படாமல் நின்றுபோனால், அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. யுபிஐ வழியாகத் தனிநபருக்கு அனுப்பிய தொகையாயின், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியதாயின், அல்லது ஏடிஎம்மில் கணக்கில் கழிந்தும் கைக்கு வராத பணமாயின், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். அக்கெடு கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனை வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டும் என்பதில்லை. இங்கு நாள் என்பது வேலைநாளன்று, நாட்காட்டி நாள். முறையிட்டு 30 நாள்களுக்குள் வங்கியிடமிருந்து பதில் இல்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

ஆனால் பாலக்காட்டு மூதாட்டியின் வழக்கு இதில் அடங்காது. அவருடைய மூன்று பரிவர்த்தனைகளும் வங்கியின் பார்வையில் முழு வெற்றி. பற்று சரி, வரவு சரி, மூன்றுக்கும் வெவ்வேறு எண்கள். மூன்று தொகுதி வாங்க விரும்பியவரும் இவ்வாறே செலுத்தியிருப்பார். ஆதலால் எதுவும் தானாகத் திரும்பாது. வணிகர் மனமுவந்து திருப்பித் தர வேண்டும். அவர் நேர்மையாளர், தந்தார். முகமறியா ஒரு தளத்தில் அவ்வாறு நிகழும் என்று யார் உறுதி கூற இயலும்? தோல்வியுற்ற பணத்துக்கு விதி காவல் இருக்கிறது. இருமுறை அழுத்திய பணத்துக்கு வணிகரின் நல்லெண்ணமே காவல்.

ஏப்ரல் 12 நிகழ்ச்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் இருக்கிறது. அன்றைய தடுமாற்றத்துக்குக் காரணமாகப் பின்னர் என்பிசிஐ கண்டறிந்தது, பணம் அனுப்பும் செய்திகளின் பெருக்கத்தை அன்று. 'இந்தப் பரிவர்த்தனை என்னவாயிற்று?' என்று கேட்கும் வினவல்கள், அமைப்பில் பங்கேற்கும் சில கணினிகளிலிருந்து வெள்ளமாக வந்து மையத்தை நிறைத்துவிட்டன. விடை வராதபோது கணினியும் மனிதரைப் போலவே மீண்டும் கேட்கிறது. ஆனால் மனிதரைவிடப் பன்மடங்கு விரைவாகக் கேட்கிறது. கேள்விகள் பெருகப் பெருக விடைகள் மேலும் தாமதமாகும். தாமதமாகவே கேள்விகள் மேலும் பெருகும். நெரிசலில் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒலிப்பானை அழுத்துவதை ஒத்தது இது. ஒரே வேறுபாடு, இங்கே ஒவ்வோர் ஒலியும் சாலையில் ஒரு வண்டியின் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதன்பின் நிலையை வினவுவதற்கு இடைவெளியும் உச்ச எண்ணிக்கையும் வகுக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு 1 முதல் ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் கணக்கிருப்பைப் பார்க்க இயலாது என்ற வரம்பும் வந்தது. ஒரு நாளில் ஐம்பது முறை இருப்பைப் பார்ப்பவர் யார் என்று நானும் முதலில் வியந்தேன். மனிதர் பாராவிடினும் செயலிகள் பின்னணியில் பார்த்துக்கொண்டே இருந்தன.

எல்லாச் சிக்கல்களும் இவ்வளவு பெரியவை அல்ல. ஓர் இரவு, தளம் ஒன்று முழுவதுமாக நின்றுபோயிற்று. காரணம், வழங்கியின் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது. எதனால்? ஒரே பிழையை நொடிதோறும் குறித்து வைத்த குறிப்பேட்டால். பழைய குறிப்புகளை நீக்கியதும் தளம் எழுந்துவிட்டது. இத்தகையவை வாரம் ஒன்று வரும். காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும்.

நாள் மாறும் சிக்கல் அப்படிப்பட்டதன்று. ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை அளித்த ஒருவர், தம் பற்றுச்சீட்டில் உள்ள நிதியாண்டு தவறு என்று எழுதியிருந்தார். அவர் பணம் செலுத்தியது ஏப்ரல் 1, விடியற்காலை 3 மணி. சீட்டில் இருந்ததோ மார்ச் 31. வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நமக்கு ஏப்ரல் 1 விடியற்காலை 3 மணி என்பது, வழங்கிக்கு மார்ச் 31 இரவு 9.30. ஆண்டின் எந்த இரவிலும் இப்பிழை நேர்ந்துகொண்டே இருந்திருக்கும். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த ஓர் இரவில் மட்டும் அது ஒரு நிதியாண்டையே மாற்றி, வருமான வரிக் கணக்கைக் குழப்பிவிட்டது. நிதியாண்டின் விளிம்பில் இணையவழியே பணம் செலுத்துவோர், கையில் கிடைத்த சீட்டின் நாளையும் வங்கிக் கணக்கில் உள்ள நாளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

அடுத்து, உலாவி காட்டும் "இத்தளம் பாதுகாப்பானதன்று" என்ற எச்சரிக்கை. தளத்துக்கும் நமக்கும் இடையே செல்லும் விவரங்களை இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்குவதற்கும், தளம் தான் சொல்லும் முகவரிக்கு உரியதுதான் என்று காட்டுவதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது காலாவதியாகும். கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பினுடையதற்கு நெடுங்காலமாக ஆயுள் 90 நாள். உலக அளவில் இவற்றின் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சு 15 முதல் 47 நாள்களாக்கவும் முடிவாகியிருக்கிறது. புதுப்பிக்க மறந்த ஒருநாள், நாணயமான தளமும் ஐயத்துக்குரியதாகத் தோன்றும். அது வெறும் மறதிதானா, உண்மையான மோசடியா என்பதை வெளியில் இருப்பவர் அறிய வழியில்லை. ஆதலால் எச்சரிக்கை தோன்றினால் பணம் செலுத்தாமல் திரும்புவதே தகும். என் தளங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு மறுதலையானது பெரும்பாலோர் அறியாதது. பூட்டுக் குறி இருப்பதாலேயே ஒரு தளம் நம்பத்தக்கது ஆகிவிடாது. மோசடித் தளமும் சான்றிதழ் பெற்றிருக்கும். விவரங்கள் இடையில் எவருக்கும் தெரியாமல் நேராகத் திருடனிடமே போய்ச் சேரும். பார்க்க வேண்டியது முகவரி. இதனை எளிதாக்கவே, வங்கிகளுக்கு என்று டாட் பேங்க் டாட் இன் என முடியும் தனி முகவரியை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்றும் பணித்தது. அம்முடிவுடைய முகவரியை ஹைதராபாதில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே வழங்கும். முடிவு அதுதானா என்று கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும். முகவரியின் நடுவில் 'பேங்க்' என்ற சொல் இருப்பதில் பொருளில்லை. பணம் சிக்கிக்கொண்ட பதற்றத்தில் தேடுபொறியில் உதவி எண்ணைத் தேடுவதும் கூடாது. அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள எண்ணே சரியானது. பணத்தைத் திருப்பித் தருவதற்கு யுபிஐ கடவு எண்ணோ ஓடிபியோ தேவைப்படாது; கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர்.

இறுதியாக, தமிழர்க்கே உரிய ஒரு சிக்கல். மீனாட்சி என்ற பெயரில் நம் கணக்குப்படி எழுத்துகள் நான்கு. ஒருங்குறி முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை எட்டாகின்றன. பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்வதால் இருபத்து நான்கு பைட்டு. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு பெயருக்கு இருபது பைட்டு போதும் என்று எவரோ அமைத்த ஒரு படிவத்தில், அம்மையார் 'மீனாட்' என்பதோடு நின்று, அதன்பின் ஒரு வினாக்குறி ஆனார். குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கிடைக்கும்; தமிழுக்கு 70 மட்டுமே. தமிழ்க் குறுஞ்செய்திகள் இரண்டு மூன்றாக உடைந்து வருவதன் காரணம் இதுவே.

அதைவிடத் தொல்லை, குடும்பப் பெயர் கட்டாயம் என்னும் படிவம். தமிழருக்கு இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்துதான். ஓரெழுத்தைப் படிவம் ஏற்காததால் தந்தையின் பெயரையே அவ்விடத்தில் எழுதுகிறோம். பின்னர் வரும் கடிதமெல்லாம், என்றோ காலமான தந்தையாரை விளித்து வணக்கம் கூறுகிறது. அது வேடிக்கையோடு நின்றுவிட்டால் நல்லது. வங்கிக் கணக்கில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பின், இரண்டையும் ஒப்பிடும் கணினி 'இவர் அவரல்லர்' என்று முடிவு செய்துவிடும். அதனைத் திருத்த வலியசாலையிலிருந்து வங்கிக் கிளைக்கு எங்கள் வீட்டார் மட்டும் எத்தனை முறை நடந்திருப்பர்! நான் இப்போது அமைக்கும் படிவங்களில் 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம்தான் வைக்கிறேன். அதில் இடத்தையும் தாராளமாகவே விட்டிருக்கிறேன்.